பெரியப்பாவின் கால்மேல் விழுந்த பழி

“எல்லாரையும் ரெண்டு காலோட அனுப்பின கடவுள், இந்த மனுஷனை மட்டும் ரெண்டு தலகாணியோட அனுப்பிட்டார்!”

அந்த மூன்று வாரத்தில் பெரியம்மா இதைச் சொல்லாத நாள் கிடையாது. பால்காரரிடம் சொன்னாள். அளவு கொடுக்க வந்தவர்களிடம் அவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது சொன்னாள். போனில் என் அம்மாவிடம் தினமும் சொன்னாள். சொல்வதற்கு ஒரு ராகமும் வைத்திருந்தாள். ‘எல்லாரையும்’ என்பது மெதுவாக இழுபடும். ‘கடவுள்’ வரும்போது கண் கூரைக்குப் போய்விட்டு வரும். ‘தலகாணி’யில் ஒரு அழுத்தம். அப்போது அவள் பல்லிடுக்கில் இருக்கும் குண்டூசிகள் எல்லாம் ஒன்றாக ஒரு ஆட்டம் ஆடும். நான் அதை வாயில் தீக்குச்சிகளை வைத்துக்கொண்டு அப்படியே செய்து காட்டுவேன். பெரியப்பாவே சிரிப்பார்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தையல்காரி. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும், குளிக்கப் போகும்போது மட்டும் கதவுக் கொக்கியில் மாட்டுவாள். பத்தொன்பது வயதில் ஒரு கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்து, இருபத்தெட்டு வருடம் மிஷின் மிதித்து, கடைசியில் வீட்டின் முன்னறையையே கடையாக்கிக்கொண்டவள். நர்ஸ்கள், துப்புரவுப் பணியாளர்கள், ஆபரேஷன் அறைக்குப் போகும் நோயாளிகள் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கே உடுப்பு தைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூட்டைகளைப் பழைய காரில் ஏற்றி அவளே ஓட்டிக்கொண்டு போவாள்.

பெரியப்பா நூலகத்தில் வேலை பார்த்தார். சத்தமாகப் பேசினால் வேலை போய்விடும் என்கிற மாதிரிதான் வீட்டிலும் பேசுவார். நான் வேலை கிடைத்து அந்த ஊருக்கு வந்தபோது அவர்கள் வீட்டு மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். ஆக, நடந்தது எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். சிலதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பெரியம்மா காரின் பிரேக்கைத் தானே பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன்னால் பிரேக் வேலைக்கு விட்ட காரை அவர் திருப்பிக் கொடுத்தபோது, ஒரு சக்கரத்தில் இரண்டு போல்ட் விரலால் திருகும் அளவுக்கு லூஸாக இருந்தன. பெரியம்மா திரும்பப் போய்ச் சண்டை போட்டாள். அவர் பல்லைக் காட்டிக்கொண்டே, “அக்கா, நீங்க ஊசியைப் பாருங்க, இதை நாங்க பாத்துக்கறோம்” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே காரோடு வந்த புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள். “பாவாடைக்கு நாடா கோக்கிறதை விட இது என்ன பெரிய வித்தையா?” என்றாள். உண்மையாகவே கற்றுக்கொண்டாள். ஆறு வருடம் பிரேக் கத்தி மாதிரி வேலை செய்தது. தெருவில் யாருடைய வண்டி கீச்சென்று கத்தினாலும் பெரியம்மாவின் தலை ஜன்னலுக்கு வரும். “பிரேக் பேடு தேஞ்சிருச்சு, மாத்துங்க” என்று அங்கிருந்தே தீர்ப்பு சொல்வாள். எதிர்வீட்டு பேக்கரிக்காரர் முதல் மூலைவீட்டு கணக்கு டீச்சர் வரை, காரை விற்கும்போதும் வாங்கும்போதும் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். பிரேக் ஆயில் ஓடும் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பெடல் மெத்தையாகப் போகும், வண்டி நிற்காது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, காற்றையும் ஆயிலையும் ஒரு டியூப் வழியாகப் பாட்டிலில் விட்டு, திருகை மூடியபிறகு மற்றவரைக் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். ஸ்பேனரைப் பெரியம்மா யாரிடமும் கொடுக்க மாட்டாள். ஆகவே பெடல் பெரியப்பாவுடையது.

“மிதிங்க!”

“மிதிச்சாச்சு.”

“பிடிங்க!”

“பிடிச்சிருக்கேன்.”

“விடுங்க!”

“விட்டாச்சு.”

ஆறு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இதுதான் அந்தத் தெருவின் காலைச் சத்தம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசுவது அப்போதுதான் என்று அம்மா சொல்வாள்.

அந்தத் தடவை வேலை கொஞ்சம் பெரிது. பிரேக் போட்டால் கார் ஒரு பக்கமாக இழுத்தது. பெரியம்மா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, முன்சக்கரம் இரண்டிலும் காலிப்பரைக் கழற்ற வேண்டும் என்று முடிவுசெய்தாள். சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்விதான் காலிப்பர். இடது ஒன்று, வலது ஒன்று. கழற்றும்போதே சாக்குக்கட்டியால் ஒன்றில் ‘இ’ என்றும் ஒன்றில் ‘வ’ என்றும் எழுதினாள். வெட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, இரண்டையும் வைத்து, உள்ளே இருந்த ரப்பர் வளையங்களை மாற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். புதுசு மாதிரி ஆயிற்று. சாக்குக்கட்டி எழுத்தும் கழுவிக்கொண்டு போயிற்று.

அதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. இடது காலிப்பர் இடது பக்கம்தான் கிடந்தது, வலது வலது பக்கம். எடுத்து மாட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் அந்த மேசையில் இருபத்தெட்டு வருடப் பழக்கம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தையலில் கோடு போடுவது துணியின் உள்பக்கத்தில். துணி குப்புறக் கிடக்கும். கண்ணுக்கு இடக் கையாகத் தெரிவது தைத்துத் திருப்பினால் வலக் கை. அதனால் அந்த மேசையில் எது கிடந்தாலும் பெரியம்மாவின் மனசு அதை ஒரு புரட்டு புரட்டித்தான் எடுக்கும். அன்றைக்கும் புரட்டியது. இடதை எடுத்து வலது சக்கரத்தில் மாட்டினாள், வலதை எடுத்து இடதில். போல்ட் எல்லாம் அழகாக ஏறிவிட்டது. ஒரு சந்தேகமும் வரவில்லை.

பிறகு காற்று எடுக்க உட்கார்ந்தார்கள்.

“மிதிங்க!”

“மிதிச்சாச்சு.”

“எங்க மிதிச்சாச்சு? பெடல் என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லலம்மா. தரை வரைக்கும் போகுது.”

“நீங்க பாதியில விட்டிருப்பீங்க. நான் திருகை மூடறதுக்குள்ள காலை எடுத்தா காத்து திரும்ப உள்ளதான் போகும்!”

“எடுக்கலையே.”

“எடுத்தீங்க. எனக்குக் கைல தெரியுது.”

மதியம் வரை மிதித்தார். இரண்டு பாட்டில் ஆயில் போயிற்று. பெடல் தலையணையாகவே இருந்தது. அன்றைக்குத்தான் அந்த வசனம் பிறந்தது.

அடுத்த ஞாயிறும் அதே கதை. பெரியம்மா ஆளை மாற்றிப் பார்த்தாள். என்னை உட்கார வைத்தாள். “உன் பெரியப்பா மாதிரி தூங்காதடி” என்றாள். நான் முழங்கால் வலிக்க மிதித்தேன், பிரயோஜனமில்லை. பேக்கரிக்காரரைக் கூப்பிட்டாள். தினமும் மாவு மூட்டை தூக்குகிறவர், அவர் மிதித்த மிதியில் சீட்டே பின்னால் போயிற்று. பெடல் மட்டும் அப்படியே. கணக்கு டீச்சர்கூட வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி மிதித்தார்.

“நாலு கால் மாத்தியாச்சு,” என்று பேக்கரிக்காரர் சிரித்தார். “இன்னும் யார் காலுங்க வேணும்? என் மாமியாரைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“உங்க கால்ல குத்தமில்லீங்க. இவர் முதல்ல மிதிச்சுக் கெடுத்து வச்சதை அப்புறம் யார் மிதிச்சாலும் சரி பண்ண முடியுமா? வெட்டித் தப்பான துணியை ஒட்ட முடியுமா?” பெரியம்மா எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டாள். “நான் இருபத்தெட்டு வருஷமா பெடல்ல வாழறவ. பெடலை மிதிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். இவர் மிதிக்கிறதில்ல. தடவறார்!”

தெரு சிரித்தது. நானும்தான். பெரியப்பா கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ வேறொருவரைப் பற்றிய பேச்சு மாதிரி, சிரிப்பில் கலந்துகொண்டார். அதற்குப்பிறகு அவர் தெருவில் நடந்தால், “என்ன சார், தலகாணி சௌக்கியமா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்கு அந்த வார்த்தையைக் குண்டூசி ஆட்டத்தோடு சொல்லிக்கொடுத்தது நான். இதை எழுதும்போது கூசுகிறது.

மூன்றாவது வாரத்துக்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. காரின் தகுதிச் சான்று அந்த வியாழக்கிழமையோடு முடிந்தது. புதுச் சான்று கண்ணாடியில் ஒட்டாத வண்டியை ஆஸ்பத்திரிக் காவலாளி உள்ளே விட மாட்டார். திங்கட்கிழமை போக வேண்டிய மூட்டைகள் முன்னறையில் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதுவரை வந்த திங்கட்கிழமைகளில் லாபமெல்லாம் வாடகை வண்டிக்கே போயிருந்தது. போகாவிட்டால் அந்த வேலையை வாங்கிக்கொள்ள இன்னும் மூன்று தையல் கடைகள் காத்திருந்தன.

“ரெண்டு தடவை மிதிச்சா பிடிக்குது. அங்கேயும் ரெண்டு தடவை மிதிச்சுக் காட்டறேன்,” என்றாள் பெரியம்மா.

சோதனை நிலையம் அதே சாலையில் பத்து நிமிட நடை. அந்த வியாழக்கிழமை பெரியம்மா நடக்கிற வேகத்தில் காரை ஓட்டினாள். பெரியப்பா பக்கத்து சீட்டில், இரண்டு கையாலும் கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே நாய் வந்தாலும் இழுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். சோதனைக்குப் பின்சீட்டைக் காலியாகக் காட்ட வேண்டுமென்று யாரோ சொன்னதால் அங்கே கிடந்த மூட்டைத் துணிகளை, இறங்கும்போது கையோடு எடுத்துப்போக, மடியில் வைத்துக்கொண்டு நான் பின்சீட்டின் நடுவில் இருந்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய்விட்டு, திரும்பிப் பார்த்தார்.

நிலையத்தில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டி. எல்லோரும் இறங்கி நிழலில் நின்றார்கள். சோதிக்கிற பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சக்கரத்தை ஏற்றி பிரேக்கைச் சோதிக்கும் உருளைகள் சுழலும் இரைச்சலில் பேசிப் பேசி, இரைச்சல் நின்றபிறகும் அதே குரலில் கத்துகிற பழக்கம் அவனுக்கு. எங்கள் காரின் முன்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி மிதித்தான். பிரேக் அளவைக் காட்டும் முள் எழுந்திருக்கவே இல்லை. மறுபடி மிதித்தான். காரைத் தூக்கும் மேடையில் ஏற்றி, டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனான்.

டார்ச் வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. பிறகு ஒரு சிரிப்பு.

“அண்ணே! இங்க வாங்களேன்! ஒரு அதிசயம் காட்டறேன்!”

இன்னொருவர் வந்து எட்டிப் பார்த்தார். நிழலில் நின்றவர்களில் இரண்டு பேரும் வந்தார்கள்.

“காலிப்பரை இடம் வலம் மாத்தி மாட்டியிருக்காங்க. நிப்பிள் பாருங்க, கீழ தொங்குது! மேல இருக்கணும். காத்து மேலதான் ஏறும். இது கீழ இருந்தா வருஷம் பூரா மிதிச்சாலும் ஆயில்தான் வரும், காத்து உள்ள சுகமா உக்காந்திருக்கும்!” அவன் வெளியே வந்தான். “யாருங்க இதை மாட்டினது?”

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தம் இறங்குவது கழுத்து டேப் வரை தெரிந்தது. கை அந்த டேப்பைப் பிடித்துக்கொண்டது. எப்படி மாறிற்று என்பது அந்த ஒரு நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இடக் கையை வலத்தில் வைத்துத் தைத்துவிட்டு, ஊர் முன்னால் அந்தச் சட்டையோடு பிடிபட்ட தையல்காரி மாதிரி நின்றாள். வாய் திறந்தது. பிறகு கண் பெரியப்பா பக்கம் போயிற்று.

“இவர்தான்,” என்றாள்.

பெரியப்பா அவளைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் அவளைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆமாங்க. நான்தான் மாட்டினேன். எனக்கு இதெல்லாம் அவ்வளவாத் தெரியாது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “வீட்ல அப்பவே சொன்னாங்க, பாத்து மாட்டுங்கன்னு. நான்தான் கேக்கல.”

“என்ன பெரியவரே, உயிரோட விளையாட்டா? இந்தப் பிரேக்கை வச்சுக்கிட்டு அந்தம்மாவை ஓட்ட விட்டிருக்கீங்களே! தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட விடணுமா இல்லையா?”

“விட்டிருக்கணுங்க.”

“உங்களுக்கு இடது கை எது, வலது கை எதுன்னாவது தெரியுமா?”

நிழலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், “சாப்பிடறது வலதுங்க, ஞாபகம் வச்சுக்கோங்க!” என்றார். பெரியப்பா தலையாட்டினார். பெரியம்மா டேப்பில் நாற்பத்தேழாவது எண்ணையோ நாற்பத்தெட்டாவது எண்ணையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் சரிசெய்து கொண்டுவரச் சொல்லி பையன் சீட்டு எழுதிக் கொடுத்தான். அதையும் பெரியப்பாவே கைநீட்டி வாங்கினார்.

திரும்பி வரும்போதும் அவர் இரண்டு கையாலும் கை பிரேக்கைப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சாப்பிடாமல் காரை ஜாக்கியில் ஏற்றினாள். இரண்டு காலிப்பரையும் கழற்றி மாற்றி மாட்டினாள். நிப்பிள் மேலே வந்தது. பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிடாமல் இருந்தாள். பெரியப்பாவே வந்து உள்ளே உட்கார்ந்தார்.

“மிதிங்க,” என்றாள். தெருவுக்குக் கேட்காத குரல்.

“மிதிச்சாச்சு.”

“பிடிங்க.”

“பிடிச்சிருக்கேன்.”

டியூபில் மீன் வாயிலிருந்து வருகிற மாதிரி பெரிய பெரிய குமிழிகள் வந்தன. ஒரு பக்கத்துக்கு எட்டு மிதிகூட ஆகவில்லை, பெடல் கல்லாக நின்றுவிட்டது.

“இப்ப நல்லா இருக்கு,” என்றார் பெரியப்பா. இறங்கிக் கைகழுவப் போய்விட்டார்.

அதற்குப்பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மூச்சு முட்டும். பெரியம்மா அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். பேச்சில் புதிதாக ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. “டீ எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டாள். கேட்கப்பட்டவர் திரும்பி, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் இறுக்கமாக இருந்த பொத்தான்களைக்கூட அவிழ்த்துத் திரும்பத் தைத்தாள். தட்டில் அவர் போதும் போதும் என்று கையால் மறைத்த பிறகும் வைத்தாள்.

சொல்ல முயற்சி பண்ணாமல் இல்லை. வெள்ளிக்கிழமை சமையலறையில் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க,” என்றாள்.

“ம்?”

“அன்னிக்கு…”

“ம், அன்னிக்கு?”

“அன்னிக்கு வாங்கின சோப்பு தீந்துபோச்சு.”

“வாங்கிட்டு வரேன்,” என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சோப்பு இரண்டு கட்டி அலமாரியில் இருந்தது. மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. சனிக்கிழமை இதே மாதிரி பல்பு வந்தது.

“பெரியம்மா, சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுதே,” என்றேன் நான்.

“என்னத்தடி சொல்றது? பொத்தான் விட்டுப்போச்சுன்னு சொல்ற மாதிரியா? போ, போய் உன் வேலையைப் பாரு.” துணியைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள். கத்தரி ஓடிய வேகத்தைப் பார்த்தால் அந்தத் துணி ஏதோ குற்றம் செய்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை மூட்டைகளை மறுபடி ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரியம்மா போனாள். கிளம்பும்போது பேக்கரிக்காரர் மறித்துக்கொண்டு, “என்னங்க, சார் காலு குணமாச்சா?” என்றார். வழக்கமாக இருந்தால் அங்கேயே அரைமணி நேரம் கச்சேரி நடந்திருக்கும். பெரியம்மா, “ஆமாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். பேக்கரிக்காரர் முகத்திலிருந்த ஏமாற்றம் வண்டி கிளம்பிய பிறகும் போகவில்லை.

செவ்வாய் சாயங்காலம் நானும் பெரியப்பாவும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன் பெரியப்பா நீங்க ஒத்துக்கிட்டீங்க? நீங்க ஒரு போல்ட்கூட தொடலையே.”

“அவ மூஞ்சியைப் பாத்தியா நீ? அத்தனை பேர் சிரிக்கிறாங்க. என்னைப் பாத்துச் சிரிக்கிறது எனக்குப் பழக்கம். அவளுக்குப் பழக்கமில்ல. தாங்க மாட்டா.”

“அவங்க உங்களைக் கை காட்டினாங்களே.”

“காட்டலைன்னாலும் நான் சொல்லியிருப்பேன், பாரு. நானா முன்னால வந்து சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அவளே சொல்லிட்டா.” விரலால் முழங்காலைத் தட்டினார். “வேற ஒண்ணும் இல்ல. அவ சொல்லுவான்னு நினைக்கல. அவ்வளவுதான்.”

அப்போதுதான் கவனித்தேன், மிஷின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. பெரியப்பாவும் கவனித்தார். எழுந்து, “காலாற நடந்துட்டு வரேன்” என்று போய்விட்டார். நான் உள்ளே போனபோது பெரியம்மா மிஷின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, ஊசிக்கு அடியில் பாதி ஓடிய தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும், “நூல் அறுந்துபோச்சு” என்றாள். நூல் அறுந்திருக்கவில்லை. நான் மாடிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து வாயில் தீக்குச்சி வைத்து அவள் குரலில் பேசிக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அம்மா போனில் கேட்டபோதுகூட, மறந்துபோச்சு என்றேன்.

வியாழக்கிழமை மறுபடி சோதனை. இந்தத் தடவை கார் மற்ற கார்களின் வேகத்திலேயே போயிற்று. பெரியப்பாவின் கைகள் மடியில் இருந்தன. அதே பையன், அதே இரைச்சல். வரிசையில் நின்றவர்கள் மட்டும் வேறு வேறு ஆட்கள். போன வாரம் சிரித்த ஒருவர்கூட இல்லை. பெரியம்மா இறங்கியதும் அந்த முகங்களை ஒன்றொன்றாகப் பார்த்தாள், யாரையோ தேடுகிற மாதிரி. பிறகு தோள் தொங்கிப்போயிற்று.

பையன் உருளைமேல் ஏற்றி மிதித்தான். முள் எகிறிக்கொண்டு போயிற்று. அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, பெரியப்பா தோளில் ஒரு தட்டு தட்டினான்.

“பெரியவரே, பரவாயில்லையே! இந்தத் தடவை கரெக்டா மாட்டிட்டீங்க. திட்டினாத்தான் வேலை நடக்குது, இல்ல?”

பெரியப்பா வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்தார்.

“அவர் மாட்டல,” என்றாள் பெரியம்மா.

“என்னம்மா?”

“இன்னிக்கும் அவர் மாட்டல. அன்னிக்கும் அவர் மாட்டல.”

இரைச்சலில் பையனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. “யாராவது மாட்டட்டும்மா, இப்ப சரியா இருக்கு, விடுங்க” என்று சொல்லிக்கொண்டே மேசைக்குப் போய் ஃபார்மை எடுத்தான். பெரியப்பா அவள் முழங்கையைப் பிடித்து, “விடும்மா, அதான் முடிஞ்சுபோச்சே, வா” என்று மெதுவாக இழுத்தார். பெரியம்மா கையை உதறிக்கொண்டு மேசை முன்னால் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து உருளை நின்றது. நிலையமே அமைதியாயிற்று. வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

“போன வாரம் நீங்க ‘யாரு மாட்டினது’ன்னு கேட்டீங்க. அதுக்கு நான் சொன்ன பதிலை மாத்தணும்,” என்றாள். காது வரை சிவந்திருந்தது. குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

பையன் முத்திரையைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான், பெரியப்பாவைப் பார்த்தான், சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஃபார்மைப் பார்த்தான்.

“அம்மா, அதையெல்லாம் எழுத இந்த ஃபார்ம்ல இடமே கிடையாதும்மா.”

“இடம் இல்லைன்னா பின்பக்கம் எழுதுங்க தம்பி. தப்பா மாட்டினது நான், சரியா மாட்டினதும் நான், நடுவுல இங்க நின்னு பொய் சொன்னதும் நான்தான். இவர் நான் மிதிக்கச் சொன்னா மிதிச்சார், பிடிக்கச் சொன்னா பிடிச்சார், நான் கை காட்டினேன்னு உங்ககிட்டத் திட்டும் வாங்கிக்கிட்டார். அன்னிக்குச் சிரிச்சவங்க யாரும் இன்னிக்கு இங்க இல்ல, அதுக்கு நான் என்ன பண்ண, இருக்கிறவங்க கேட்டுக்கட்டும். அந்த முத்திரையை அப்புறமாக் குத்துங்க. முதல்ல இவருக்கு இடது வலது தெரியுமான்னு கேட்டீங்களே, அதுக்கு இவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேளுங்க. என் பங்கை நான் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கறேன், எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்.”